காற்றுக் குழாயில் ஒரு மஞ்சள் பை

தி. நகரில் எங்கள் ஜவுளிக்கடைக்கு ஒரு பழைய டீசல் வேன் உண்டு. அதைப் பதினோரு வருடம் ஓட்டியவர் கடலோர நொச்சிக்குப்பத்துக்காரர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மட்டும் அவர் வண்டியைத் தொடக்கூடாது. அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, முதலாளிதான் வண்டியைக் கழுவ வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்து கடை போட்ட அப்பா ஏற்படுத்திய வழக்கம் இது. எனக்கு இதில் பெருமை கொஞ்சம் அதிகம். அந்த வருடம் கழுவியதோடு நிற்காமல் ஏர் ஃபில்டரையும் நானே புதிதாக மாற்றினேன்.

பூஜை முடிந்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. இரண்டு நாள் கழித்து டிரைவர் வந்து நின்றார்.

"மொதலாளி, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. அடையாறு பாலத்துல ஏறும்போது மூச்சு முட்டுது. காத்து போற வழிய ஒரு தபா தொறந்து பாத்துடலாம்."

"ஃபில்டர் நான் போட்டதுப்பா. அதுல ஒண்ணும் இருக்காது" என்றேன். நான் கை வைத்த இடத்தில் இவர் குறை சொல்வதா என்று எரிச்சல் வேறு.

வாரம் முடிவதற்குள் கறுப்புப் புகை கக்க ஆரம்பித்தது. டீசலும் சீக்கிரம் காலியானது. ராயப்பேட்டையில் எங்கள் மெக்கானிக்கிடம் நானே ஓட்டிப் போனேன். அவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, புகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கறுப்புப் பொகன்னா ரெண்டே விஷயம்தான் சார். டீசல்ல கோளாறு, இல்லாங்காட்டி காத்து பத்தல. ஃபில்டர கழட்டிப் பாக்கட்டா?"

"அது புதுசு. அதை விடுங்க."

இரண்டில் எனக்கு வேண்டிய ஒன்றை எடுத்துக்கொண்டேன். டிரைவருடைய தம்பிக்கு ஒரு படகு உண்டு, அதுவும் டீசலில் ஓடுவது. வீடு வந்து சேர்வதற்குள் முழுக் கதையும் தயாராகிவிட்டது: நம் டீசல் படகுக்குப் போகிறது, வேனில் மண்ணெண்ணெய் கலக்கப்படுகிறது.

மறுநாள் காலை கடையில் விளக்கேற்றி எல்லோரும் கும்பிட்டு முடித்த நேரம். அத்தனை ஊழியர்கள் முன்னாலும் டிரைவரிடம் கேட்டேன்: "தம்பி படகுக்கு இதுவரைக்கும் எவ்வளவு டீசல் போச்சு?"

அவருக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. "நா எடுத்துக்கினு போனத நீங்க பாத்தீங்களா மொதலாளி?"

"பார்க்கணுமா? புகையே சொல்லுதே."

புடவை மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. அவர் சாவியைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். திட்டியிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

டேங்கைக் காலி செய்து நல்ல டீசல் போட்டேன். டீசல் ஃபில்டரை மாற்றினேன், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யச் சொன்னேன். புகை அப்படியேதான் இருந்தது. மூன்றாம் முறை போனபோது மெக்கானிக் என்னைக் கேட்கவேயில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றினார். அது புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. அதற்கு முன்னால், வெளிக்காற்று நுழையும் குழாயைப் பிடுங்கி, உள்ளே விரலைவிட்டு எதையோ இழுத்தார்.

எங்கள் கடைப் பெயர் போட்ட மஞ்சள் துணிப்பை, தூசி அப்பிக் கிடந்தது. கழுவும்போது உள்ளே தண்ணீர் போகக்கூடாது என்று குழாயின் வாயில் நான்தான் அதைத் திணித்தேன். எடுக்க மறந்துவிட்டேன். எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க அது வளைவுவரை போய்ச் சிக்கியிருக்கிறது.

"யார் சார் இத சொருவினது?" என்று மெக்கானிக் சிரித்தார்.

"டிரைவரா இருக்கும்" என்றேன். கொஞ்சமும் வாய் கூசவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு குறுகுகிறது.

இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் நொச்சிக்குப்பம் போனேன். சாலையோரம் மீன் விற்கும் மனைவியின் பக்கத்தில் அவர் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார். பையைக் காட்டி, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மெக்கானிக்கிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். வேலைக்குத் திரும்ப வரச் சொன்னேன்.

கத்தியைக் கீழே வைத்தார். "வேலைக்கெல்லாம் நா வர்ல. அன்னிக்கு அத்தினி பேர் முன்னாடி சொன்னீங்க இல்ல? இதயும் அங்கயே சொல்லிடுங்க. அது போதும்."

"நாளைக்கே சொல்லிடறேன்" என்றேன்.

மறுநாள் விளக்கேற்றினோம். எல்லோரும் கும்பிட்டுவிட்டு, அன்றைக்கு என்ன வேலை என்று என் முகத்தைப் பார்த்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "பட்டுப் புடவையெல்லாம் முன்னால அடுக்குங்க" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஆயுத பூஜை போய்விட்டது. வண்டி நன்றாக இழுக்கிறது. கடையில் புதிதாகச் சேருகிறவர்களிடம், முன்பிருந்த டிரைவர் டீசல் திருடி மாட்டிக்கொண்ட கதையைப் பழைய ஆட்கள் சொல்கிறார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.