செங்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு போன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மனநல மையத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருந்து எழுதுவது டாக்டர். பேசுவதும் கேட்பதும் என் வேலை. "பேசுறதுக்கெல்லாமா சம்பளம் தாராக?" என்று ராஜபாளையத்துச் சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி, சாகத் துணிந்து பிழைத்தவள், என்னிடம் வந்தாள். வாரம் தவறாமல் வந்து பேசினாள். முகம் கொஞ்சம் தெளிந்துவந்த நேரத்தில் கணவனுக்குப் புனலூர் மரமில்லில் வேலை கிடைத்து, குடும்பம் கேரளத்துக்குப் போயிற்று.

போனில் தொடரலாம் என்று நினைத்தேன். மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. என் தொழில் பதிவு தமிழ்நாட்டில்; பேசுகிற ஆள் கேரளத்தில் இருந்தால் அங்கே பதிவு பெற்றவர்தான் பார்க்க வேண்டுமாம். "அங்கயும் ஆள் இருக்காங்கல்ல மேடம்?" என்றார். இருந்தார், நல்லவரும்கூட. ஆனால் மலையாளத்தில் பேசினார். இவளுக்கு அழுகை மம்சாபுரம் தமிழில்தான் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவளிடம் விதியைச் சொன்னேன்: "நீ தமிழ்நாட்டுக்குள்ள இருந்தாத்தான் நான் பேச முடியும்."

அடுத்த புதன்கிழமை போன் வந்தது.

"அக்கா, செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். இது நம்ம பக்கந்தானே? எம்புட்டு நேரம் பேசலாம்?"

இதற்காகவே பஸ் ஏறி மலையைத் தாண்டி வந்திருக்கிறாள். மேலாளரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "செங்கோட்டைன்னா பிரச்சினை இல்ல" என்றார். அதன்பிறகு புதன்தோறும், கண்டக்டர்களின் கூச்சலுக்கு நடுவே அவள் பேச, நான் கேட்டேன். எடுத்ததும் "எங்க இருக்க?" என்பேன். செங்கோட்டை என்பாள். மேலாளர் காதில் விழுவதற்காகக் கேட்ட கேள்வி அது.

மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. அந்தப் புதன் போன் வராது என்றிருந்தேன். வந்தது. முதல் நாள் என் எதிரில் உட்கார்ந்தபோது இருந்த அதே குரல். எனக்குப் பயமாக இருந்தது.

"எங்க இருக்க?"

"செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுலதான்க்கா."

அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

பக்கத்து மேஜையிலிருந்து மேலாளர், "எங்க இருக்காங்களாம்?" என்றார்.

"செங்கோட்டை" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"சொல்லும்மா" என்றேன். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."