நெல்லுக்குப் பதிலாகப் போட்ட காட்டு ஓட்ஸ்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மே மாதக் கடைசியில் பலெர்மோ போனேன். என் பள்ளித் தோழி வசந்தி அங்கே ஒரு சிஞ்ஞோரா, அதாவது அந்த ஊர் அம்மா, வீட்டில் வேலை செய்தாள். அவளுக்குக் கல்யாணம். ஊரிலிருந்து தாய் வர வழியில்லை; பெண் பக்கத்துக்கு நான் ஒருத்திதான். ரோமிலிருந்து ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். நடுவில் தீவுக்குக் கடக்க ரயிலையே கப்பலில் ஏற்றுகிறார்கள், தூங்கிவிடாதீர்கள்.

தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கு அன்று, சட்டிகளில் முளைப்பாலிகை போட ஒன்பது தானியம் வேண்டும். கபோ சந்தையில் அலைந்து எட்டைத் தேற்றினோம். நெல் மட்டும் இல்லை. அரிசி மலையாகக் கிடக்கிறது, உமியோடு யார் விற்பான்? மாப்பிள்ளையின் அக்கா, வசந்திக்கு மச்சாள், சகுனம் பார்ப்பதில் புலி.

"நெல்லில்லாமல் என்ன பாலிகை?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

என் மூளை சும்மா இருக்குமா? பொன்னுருக்குக்கு முதல் நாள் காலை ஒன்பதரைக்கு வசந்தியும் நானும் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊருக்குப் பஸ் ஏறினோம்; பன்னிரண்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், ஆயிரத்தைந்நூறு லீரா. கடலுக்கு மேலே சரிவு முழுக்கக் காட்டு ஓட்ஸ் பழுத்து நின்றது. நீள வால், உமி, உள்ளே மணி. உரித்து மென்றேன், நல்ல மாச்சுவை.

"இது நெல்லுக்கு ஒண்டுவிட்ட தங்கச்சியடி" என்றேன். கைக்குட்டையில் இரண்டு பிடி கட்டிக்கொண்டோம்.

மச்சாள் சட்டிக்கொரு தானியமாகப் போட்டார். ஐந்தாம் நாள் எட்டுச் சட்டியும் பச்சை. ஓட்ஸ் சட்டி வெறும் மண். மறுநாள் கல்யாணம். மச்சாள் அந்தச் சட்டியை மட்டும் தள்ளி வைத்தார். தாயில்லாமல் நிற்கிறவளுக்கு நானே அபசகுனத்தைப் பறித்துக் கொடுத்தேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

நாட்டுப்புறத்தில் வளர்ந்த சிஞ்ஞோரா சட்டியைப் பார்த்துச் சிரித்தார். இந்தப் புல்லின் புது விதை உடனே முளைக்காதாம். கோடை முழுக்க மண்ணில் கிடந்து, அதற்கடுத்த மழைக்குத்தான் எழும்புமாம். வசந்தி அதை மச்சாளுக்குத் தமிழில் சொன்னாள்.

"அது சாகேல்லை மச்சாள், பாத்துக்கொண்டு கிடக்குது. எனக்குப் பெர்மெஸ்ஸோ கிடைக்க நாலு வருசம் எடுத்தது. அதுக்காக என்னை ஆரும் தூக்கி எறிஞ்சவையே?"

மச்சாளும் அதே வதிவிட அனுமதிக் காகிதத்துக்கு வரிசையில் நின்றவர்தான்.

"எனக்கு ஆறு வருசம் பிள்ளை" என்றார்.

மே கடைசியில் போகிறவர்கள் முழுக்காற்சட்டை போடுங்கள்; அந்த வால் காலுறையில் ஏறி வீடுவரை வரும். பஸ் டிக்கெட்டை ஏறியதும் மெஷினில் குத்துங்கள். சுவைக்க நினைத்தால் உமியின் மயிரைத் தீயில் பொசுக்கி, உரித்துத் தின்னுங்கள். நல்ல காரியத்துக்கு என்றால் புது விதையை நம்பாதீர்கள் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் கல்யாணத்தன்று, பாலிகைச் சட்டிகளை மணவறைக்கு எடுத்துப்போகையில், எந்தச் சட்டியை யார் தூக்குவது என்று பெண்கள் தயங்கி நிற்க, மச்சாள் முதல் ஆளாகப் போய் அந்த வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.