எலிசா அக்காவோடு பார்த்த பேய்ப்படங்கள்

ஜெனி போன் செய்தபோது நான் அவள் அம்மாவின் மேல் கோபமாக இருந்தேன். எலிசா அக்காவும் நானும் போனில் பேசிக்கொண்டே ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியில் லைன் கட்டாகிவிட்டது. அக்கா திரும்பக் கூப்பிடவும் இல்லை. சார்ஜ் தீர்ந்திருக்கும், இத்தனை வயதுக்கு அப்புறமும் போனுக்குச் சார்ஜ் போடத் தெரியாத மனுஷி என்று முணுமுணுத்துக்கொண்டே மீதிப் படத்தைத் தனியாகப் பார்த்து முடித்திருந்தேன். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள் ஜெனி. எங்கே போனார் என்று கேட்டேன். அவ்வளவு மக்காக இருந்தேன்.

பீங்கான் கம்பெனியில் எலிசா அக்கா செக்கிங்கில் இருந்தார், நான் பெயிண்டிங்கில். சூளையிலிருந்து வரும் பொம்மைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்குவது அவர் வேலை. தேறியவற்றுக்குக் கண்ணும் வாயும் எழுதுவது என் வேலை. நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கண் எழுதாத பொம்மைகள் அத்தனையும் என் நாற்காலியைப் பார்த்துத் திரும்பி நின்றன. நான் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் ஓடி வந்தார். "அதுங்களுக்குக் கண்ணே இல்ல, உன்ன எப்புடிப் பாக்கும்?" என்று அக்கா சாவகாசமாகக் கேட்டார். திருப்பி வைத்ததே அவர்தான். எனக்கு இருக்கும் பேய்ப்படக் கிறுக்கு அவருக்கும் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தமிழ்க் குரல் கொடுத்து டிவியில் போட்ட வெளிநாட்டுப் பேய்ப்படங்களைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்போது இயக்குநர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. செல்போன் வந்த பிறகு அக்காதான் பெயர்களைத் தேடிப் பிடித்தார். பேர்போன இயக்குநர் ஒருவரை எடுத்தால், அவருடைய முதல் படத்திலிருந்து வரிசையாக மறுபடியும் பார்ப்போம். ஜெனியைக் கடலூரில் கட்டிக்கொடுத்துவிட்டு அக்கா ஜங்ஷன் ரோட்டு வீட்டில் தனியாக இருந்தார். நான் கம்மாபுரத்தில். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு ஆனதும் போனில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, இரண்டு வீட்டு டிவியிலும் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிடுவோம். "ரெண்டு கெழவிங்களுக்கும் வேற சோலி இல்ல" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுக் கதவோரம் நின்று அவரும் பார்ப்பார்.

மறுபடி பார்த்தபோது பல பேய்கள் சிரிப்பு மூட்டின. ஒரு படத்தில் பேயின் பின்னங்கழுத்தில் முகமூடி பிரிந்து தொங்குவதை அக்கா கண்டுபிடித்து, என்னையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வைத்தார். ஆனால் இன்னொரு ஞாயிறு, படம் முடிந்தும் அவர் போனை வைக்கவில்லை. "சின்னதுல பேயப் பாத்து பயந்தோம். இப்ப அந்தப் பொண்ணோட வூட்டுக்காரனப் பாத்தாதான் பயமா இருக்குது. ஏதோ இருக்குதுன்னு அவ மொதல்லேந்து சொல்றா. காதுல வாங்குறானா பாரு" என்றார். அப்புறம் எந்த நாட்டு இயக்குநரின் படத்தைப் பார்த்தாலும் எங்கள் கண் அந்த வீட்டுக்காரன் மேலேயே போனது.

அவர் இதைச் சும்மா சொல்லவில்லை. எனக்குக் கால் மரத்துப்போகிறது என்று சொன்னபோது வீட்டில் எல்லாரும் வேலைக் களைப்பு என்றார்கள். அக்கா மட்டும் லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பாட்டுக்கு வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தார். எனக்கு ஒன்று கூடத் தரவில்லை. "ஒனக்கு இனிமே எல்லாத்துக்கும் கணக்கு இருக்குது" என்றார்.

அந்தப் படங்களில் வரும் புருஷன்மார் தமிழில் பேசும்போது எல்லாருக்கும் ஒரே வசனம்தான்: "ஒண்ணுமில்ல, காத்துதான்." எங்களுக்கு அது விளையாட்டாகிப்போனது. ஒருத்தி பயமாக இருக்கிறது என்றால், மற்றவள் ஆண்குரலில் அதைச் சொல்ல வேண்டும். நம் பக்கம் வீசுவதும் காத்து, அண்டுவதும் காத்து கருப்பு, நெஞ்சைப் பிடித்தாலும் காத்துதான், பெருங்காயம் போட்டு மோர் குடி என்பார்கள். "மூணுக்கும் ஒரே பேரு வச்சவன் எவன்டி" என்று அக்கா கேட்டுச் சிரித்திருக்கிறார்.

கடைசி ஞாயிறு, படத்தில் அந்தப் பெண் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். "மங்கை, ஒரு மாதிரி இருக்குதுடி. நெஞ்ச அடைக்குது" என்றார் அக்கா. எனக்குப் படத்தின் மேல்தான் கண். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, காத்துதான்" என்றேன். அக்கா சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ. "சரி, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் லைன் கட்டானது. சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா போய்ப் பார்த்தபோது அவர் சமையலறையில் கிடந்தார்.

உடனே கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்காரர் இதைத் தினமும் எனக்கு எடுத்துச் சொல்கிறார். பிழைத்திருக்க மாட்டார் என்றும் டாக்டர் சொல்லவில்லையே.

அடக்கத்தன்று ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, நீங்கதான லைன்ல இருந்தீங்க. அம்மா கடைசியா எதாச்சும் சொன்னாங்களா?" சுற்றிலும் கம்பெனி ஆட்கள் நின்றிருந்தார்கள். "ஒண்ணும் சொல்லலம்மா. சந்தோஷமா படம் பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்றேன். அந்தப் பெண் அதை நம்பி, என் முதுகைத் தடவி எனக்கு ஆறுதல் சொன்னாள். வந்தவர்களிடமெல்லாம் அம்மா வலி தெரியாமல் போய்விட்டார் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நினைவுத் திருப்பலிக்கு வரும் உங்களுக்காக அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி ஜெனிதான் கேட்டாள். இது முதலில் அவள் கைக்குப் போகிறது. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அவள் படித்த பிறகும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று பொருள்.

ஜெனி, உன் அம்மா வலியைச் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். "ஒரு மாதிரி இருக்குதுடி, நெஞ்ச அடைக்குது" என்றார். அந்த வார்த்தை உன்னைச் சேர வேண்டியது, எடுத்துக்கொள். அதற்கு நான் சொன்ன பதிலை நான் வைத்துக்கொள்கிறேன்.