எல்லம்மா பெயருக்கு அடியில்

அந்த டிரம்மை மாற்றி வைத்தவன் நான்தான்.

சொல்லிவிட்டேன்! இதையும் என் வழக்கமான கேலி என்று நீங்கள் நினைத்தால் குற்றம் உங்களுடையதல்ல. சடையங்குப்பத்தில் என் வாயிலிருந்து வந்த எதையும் யாரும் நம்பியதில்லை.

அப்போதெல்லாம் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். தெருமுனையில் நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் வரிசையாக நிற்கும். கம்பெனிகளில் ரசாயனம் தீர்ந்தபின் கழுவி, கொருக்குப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் விற்றவை. என்ன ரசாயனம்? கேட்கமாட்டோம். எல்லாம் ஒரே நிறம் என்பதால் பெயர் எழுதி வைப்பது வழக்கம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆகவே தெருவின் டிரம்களுக்கெல்லாம் பெயர் சூட்டியவன் அடியேன்.

ஒரு கோடையில், கடைக்காரன் என் டிரம்மில் ஒட்டியிருந்த காகிதம் வெயிலில் உரிந்தது. அடியில்... மண்டையோடு! குறுக்கே இரண்டு எலும்பு. ஆறு மாதமாக அதிலிருந்துதான் குடித்துக்கொண்டிருந்தேன்!

அன்றிலிருந்து என் உடம்பே எனக்கு எதிர்க்கட்சி. ஏப்பம் வந்தால் அதன் வாடையை ஆராய்ந்தேன். கண்ணாடி முன் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன். மணலி ஆலைகளின் காற்றில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பயம். வராவிட்டால் மூக்கு செத்துவிட்டதோ என்று அதைவிடப் பயம்!

அடுத்த வீட்டு எல்லம்மாவிடம் சொன்னேன். "என் டிரம்முல மண்டையோடு கீது, எல்லம்மா."

"இன்னாண்ணே, உன் போட்டோவ ஒட்டிட்டானுங்களா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். "இல்லை, நிஜம்" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? வேறு டிரம் வாங்கியிருக்கலாம் அல்லவா? ஆனால் அதன் அடியில் என்ன இருக்குமோ! எல்லம்மா தன் டிரம் தண்ணீரை மூன்று வருடமாகக் குடிக்கிறாள்; கல்லு மாதிரி இருக்கிறாள். உலகத்தில் சந்தேகமற்ற டிரம் அது ஒன்றுதான் என்று என் பீதி தீர்ப்பு எழுதிவிட்டது.

ஒரு மத்தியானம், தெரு ஆளற்றுக் கிடந்தபோது, மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டு பெயர்களையும் துடைத்தேன். மண்டையோட்டின் மேல் வெள்ளையடித்து, காய்ந்ததும் அதன்மேல் 'எல்லம்மா' என்று எழுதினேன். அவளுடையதில் என் பெயர்.

"சூப்பரா கீதுண்ணே!" என்றாள் சாயங்காலம்.

நான் தனிக்கட்டை. அவள் வீட்டில் ஏழு வயதில் ஒரு பெண் இருந்தாள். தேவி.

நிம்மதி வந்ததா? இரண்டு நாள். பிறகு என் புதிய டிரம்மைத் தடவிப் பார்த்தேன். படம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு சதுரம் மட்டும் வழுவழுவென்று... எனக்கு முன்பே யாரோ சுரண்டியிருக்கிறார்கள்! யார்?

அந்த மழைக்காலத்தில் தேவிக்கு இருமல் பிடித்தது. இந்தப் பக்கம் எல்லோருக்கும் உள்ளதுதான், புகை என்றார் டாக்டர். இருக்கலாம். தெருவே இருமியது, நானும் இருமினேன். ஆனால் அத்தனை இருமலுக்கு நடுவிலும் சுவருக்கு அப்பாலிருந்து அந்த ஒன்று மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

பொறுக்காமல் ஒருநாள் சொன்னேன். "அந்த டிரம்ம தூக்கிப் போட்டுடும்மா. நான் வேற வாங்கியாறேன்."

எல்லம்மா இடுப்பில் கைவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என் டிரம்மு மேல கண்ணு வச்சிக்கினு கீறியா? அது ராசியான டிரம்முண்ணே. வேலையப் பாரு!"

சந்தேகப்பட வேண்டிய ஆளைத்தான் சந்தேகப்பட்டாள்... காரணம்தான் தவறு!

தேவி இப்போது பத்தாம் வகுப்பு. நாலு எட்டு ஓடினால் நின்று மூச்சு வாங்குகிறாள். புகையாலா, என்னாலா? அடித்துச் சொல்ல ஒருவருமில்லை. யாராவது சொல்லிவிட்டால் அழுதாவது தொலைப்பேன்.

போன பொங்கலுக்கு எல்லம்மா கூப்பிட்டாள். டிரம்மில் பெயர் உரிந்துவிட்டதாம். அவள் வாசலுக்குப் போய்க் குனிந்தேன். 'ல்' இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கண்குழி என்னை எட்டிப் பார்த்தது. அவள் கவனிக்கவில்லை.

"பளிச்சுனு எழுதுண்ணே" என்று சொல்லிவிட்டு, அதே டிரம்மில் ஒரு சொம்பு மொண்டுகொண்டு, எனக்கு டீ போட உள்ளே போனாள்.

இரண்டு தடவை வெள்ளையடித்தேன். பெயர் முத்து முத்தாக விழுந்தது.

டீயையும் குடித்தேன்... ஒரு சொட்டு விடாமல்.