சூனியப் பள்ளிக்கூடத்தில் அப்பா

வழவழப்பான கறுப்பு அட்டை, தொட்டால் சில்லென்றிருக்கும். அதில் மலையுச்சியில் ஒரு பள்ளிக்கூடம், ஜன்னல்களில் பச்சை வெளிச்சம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் ‘குவார்ட்டர்ஸு’க்கு அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா கொடுத்த அந்தத் தமிழாக்க நாவலை, ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறை முழுக்க நான் கீழே வைக்கவில்லை. அதில் நிழல்கள் மந்திரப் பாடம் நடத்தின. கிணறு பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். வந்தவர்களெல்லாம் ‘எல்லாம் சரியாப் பூடும்’ என்று சொல்லிவிட்டுப் போக, அப்பா அம்மாவின் பேச்சையே எடுக்காதிருக்க, அந்த நாவல் மட்டும்தான் என்னிடம் உண்மையைச் சொன்னது. அதில் இருட்டு இருட்டாகவே இருந்தது. தாயில்லாத ஒரு பெண் அதற்குள் நடந்துபோனாள்.

சுரங்கத்தில் ‘ஷிப்டு’ வேலை பார்த்த அப்பாவால் என்னைத் தனியே விட்டுப்போக முடியாதென்று, ஜூன் பிறந்ததும் கடலூரில் ஒரு விடுதியில் சேர்க்க அத்தை ஏற்பாடு செய்திருந்தார். என் துணிமணிகளை எடுத்துவைக்க மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்தவர் கண்ணில் புத்தகம் பட்டுவிட்டது.

“ஜெபம் பண்ற வூட்ல சூனியப் புக்கப் படிச்சிகினு கெடக்குது பாரு. அதான் புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது. அடுப்புல போடு” என்று அதைப் பிடுங்கி அப்பாவிடம் நீட்டினார்.

காலை ஷிப்டு முடிந்து வந்து, காதோரம் கரித்தூள் போகாமல் உட்கார்ந்திருந்த அப்பா, “என்னான்னு பாத்துட்டுப் போடறேன்க்கா” என்று பிரித்தார். சோறு ஆறியது. சாயங்காலத் தேநீரில் ஆடை கட்டியது. அத்தை மாதா கோயிலுக்கு ஜெபமாலைக்குப் போனபிறகு, தலை நிமிராமலே கேட்டார்:

“ஏம்மா, இந்தப் பொண்ணு அவங்கம்மாவத் திரும்ப வரவெக்கிற மந்திரத்தக் கண்டுபுடிச்சிருவாளா?”

“இல்லப்பா. அந்த மந்திரம் மட்டும் அந்த ஸ்கூல்லயே கெடையாது.”

“அப்ப என்னாதான் பண்ணுவா?”

“அழுவா. அப்புறம் சிநேகிதிங்ககிட்ட அம்மாவப் பத்திச் சொல்லிகினே இருப்பா.”

அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நானும் அவர் மடியில் விழுந்து அழுதேன். வெகுநேரம் கழித்து அவரே ஆரம்பித்தார்: “ஒங்கம்மா பாம்ப வெளக்குமாத்தாலயே அடிச்சவ. மரவட்டையக் கண்டா மட்டும் கட்டில் மேல ஏறிக்குவா.”

அத்தை திரும்பி வந்தபோது நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

“விடுதி வேணாம்க்கா. எம்பொண்ணு எங்கூடவே இருக்கட்டும். ஷிப்டு நேரத்துல ஸ்டெல்லா வூட்ல பாத்துக்குவாங்க” என்றார் அப்பா. அத்தை முணுமுணுத்தார், பிறகு என் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, “அப்படி என்னாதான் கதை அது, சொல்லித் தொலைங்க” என்று கால்நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் இருந்த ‘பிளாக்’ வீடுகளைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே முள்செடிகள்தான். ஸ்டெல்லா அக்கா எந்த ஊரில் இருக்கிறாரோ. நான் வடலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. “இந்த மாதிரி பயங்கரக் கதையெல்லாம் புள்ளைங்களுக்கு எதுக்குங்க மிஸ்?” என்று, நான் படிக்கக் கொடுக்கும் புத்தகங்களைப் பார்த்துப் பெற்றோர் கேட்பதுண்டு. போன வாரம், சமீபத்தில் தகப்பனை இழந்த ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நான் கொடுத்த நாவலை மேசைமேல் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

“இதவிட இருட்டான கதை இருக்குதா மிஸ்?”

அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல்முறை.