அந்தத் தவறு ரெஜினாவுடையது அல்ல

செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் பெங்களூர் தொம்மலூர் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "நம்ம பழைய ரெஜினா தவறிட்டாங்க. மாரடைப்பாம். நாளைக்கு லிங்கராஜபுரத்துல அடக்கம்." அதற்கு மேலிருந்த செய்தி கேன்டீனுக்கு விடுமுறை என்பது. சற்று நேரத்தில் கைகூப்பிய படங்கள் வரிசையாக விழத் தொடங்கின. நானும் ஒன்று போட்டேன். போட்ட பிறகுதான் 'பழைய' என்ற சொல் உறுத்தியது. அவர் பழையவர் ஆனது என்னால்.

அவரோடு வேலை செய்தவர்களுக்காகவே நம் அலுவலக இதழில் இதை எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம்: வீடியோ கேம்களை வகை பிரித்து, இணையக் கடைகளுக்குக் குறிப்பு எழுதித் தருவது நம் வேலை. நூலக அறிவியல் படித்துவிட்டு அந்தப் பிரிவுக்குத் தலைவியாக வந்தவள் நான். அதுவரை ஒரு கேமும் ஆடியதில்லை. ஆடுகிறவர்கள் மேல் பெரிய மதிப்பும் இருந்ததில்லை. ரெஜினா டெஸ்டர், கேம்களை ஆடிப் பார்த்துச் சொல்பவர். பி.யூ.சி. வரை படித்தவர், என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் என்னை மேடம் என்பார். நான் அவரை வெறும் ரெஜினா என்பேன்.

முதல் வாரத்திலேயே அவரிடம் கேட்டேன். "எல்லாத்துலயும் ஒரு வரைபடம், ஒரு படை. இதுல எதுக்கு இத்தனை வகை?"

"ஆடிப் பாருங்க மேடம், கடிக்காது" என்றார்.

இரண்டு கேம்களை எடுத்து வைத்தார். முதலாவதில், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்து முடிப்பதற்குள் என் ஊர் எரிந்துவிட்டது. "நீங்க படிக்கற வரைக்கும் எதிரி சும்மா இருப்பானா? இது ரியல் டைம். மூளையோட கையும் ஓடணும்." இரண்டாவதைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வரும்வரை திரையில் ஒன்றும் அசையவில்லை. "இது டர்ன். 'என் முறை முடிஞ்சுது'ன்னு நீங்க சொல்ற வரைக்கும் உலகமே கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். உங்களுக்கு இதுதான் சரிப்படும் மேடம், யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க."

நான்கைந்து வீரர்களை மட்டும் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக நகர்த்தும் கேம்களில் வீரர்களுக்குத் தன் சொந்தக்காரர்களின் பெயர்களை வைப்பார். ஒருநாள் உணவு இடைவேளையில் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். "மேரி சித்தி போயிட்டா மேடம். பாலத்துக்குக் கீழ நிறுத்தினது என் தப்பு." நான் பதறியதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஐயோ, நிஜ சித்தி நல்லாத்தான் இருக்காங்க. ஆனா பாருங்க, ஊர் கட்டற கேம்ல நூறு பேர் செத்தாலும் வலிக்காது. இதுல ஒரு ஆள் போனா போனதுதான். அதனாலதான் இது வேற வகை."

கோபுரங்கள் வைத்துத் தடுக்கும் கேமில் எதிரி வரும் பாதை முன்கூட்டியே தெரியும்; எதை எங்கே வைப்பது என்பது மட்டுமே கவலை. பேரரசு வளர்க்கும் கேம்களை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் நிலம் காலியாக இருக்கும். தேடிப் போய்ப் பிடித்து வளர்க்க வேண்டும். மற்றதில் வரைபடம் முதல் நாளே நிரம்பியிருக்கும். கல்யாணம், வாரிசு, ஒப்பந்தம், துரோகம் என்று நகரும். "படத்துல என்ன தெரியுதுன்னு பாக்காதீங்க மேடம். ஆடறவங்க எதுக்குக் கவலைப்படறாங்கன்னு பாருங்க" என்பார்.

நான் படித்த வகைப்பாட்டுப் பாடங்களில் இவ்வளவு தெளிவான விதி ஒன்று இருந்ததாக நினைவில்லை. அதை நல்ல ஆங்கிலத்தில் எழுதி, நிறுவனத்தின் வழிகாட்டிக் குறிப்பில் சேர்த்தேன். அதன் முகப்பில் என் பெயர் மட்டுமே இருந்தது. ரெஜினா வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க மேடம், எனக்கே புரியுது" என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு வேலை குவிந்தபோது ஒரு விதி கொண்டுவந்தேன். எந்த கேமையும் முப்பது நிமிடம் ஆடினால் போதும், வகை சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் வந்த ஒரு கேமில் முதல் முப்பது நிமிடமும் ஒரே போர். குதிரைகள், தூசு, ஓயாத அவசரம். ஒவ்வொரு கேமுக்கும் வகை குறிக்கும் சீட்டு ஒன்று உண்டு; ரெஜினா அதில் 'டர்ன்' என்று எழுதிக்கொண்டு வந்தார்.

"என்ன ரெஜினா, கண்ணு தெரியலையா? இது ரியல் டைம்."

"ஸ்வல்ப நில்லுங்க மேடம், கொஞ்சம் பொறுங்க. அது பழக்கிக் காட்டற போர். அப்புறம் எல்லாம் வரைபடத்துலதான், ஒவ்வொரு முறையா. போரைத் தானா நடக்க விட்டுட்டுக்கூட ஜெயிக்கலாம்."

"அரை மணி நேரத்துல அது தெரியுதா?"

"இல்ல. நான் ரெண்டு மணி நேரம் ஆடினேன்."

"அப்போ விதியை மீறியிருக்கீங்க" என்றேன். அவர் எழுதியதை அடித்து, மேலே 'ரியல் டைம்' என்று எழுதினேன்.

அந்தக் குறிப்போடுதான் கேம் கடைகளுக்குப் போனது. கை வேகத்தை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். கடைக்காரர்கள் கோபப்பட்டார்கள். கூட்டத்தில் மேலாளர், "இதை யார் பார்த்தது?" என்று கேட்டார். நம் சீட்டில் இரண்டு கட்டங்கள்தான் உண்டு: ஆடியவர் பெயர், வகை. முடிவெடுத்தவர் யார் என்பதற்குக் கட்டம் இல்லை. அதை வடிவமைத்தவள் நான்தான். "டெஸ்ட் பண்ணது ரெஜினா" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. எதிரில் இருந்த ரெஜினா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் அவரை பொம்மசந்திரா கிளைக்கு மாற்றினார்கள். அங்கே ஜாய்ஸ்டிக்குகளைப் பழுது பார்ப்பார்கள். பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று நாள் முழுக்க அழுத்திப் பார்ப்பது அவர் வேலை. லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போய் வந்தார். இரண்டு வருடங்கள். நான் ஒருமுறைகூட அழைத்துப் பேசவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். வீட்டு வாசலில் அவருடைய தங்கை ஸ்டெல்லா என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அந்த மேடம்? அக்கா உங்களப் பத்திச் சொல்லாத நாள் இல்ல. பொம்மசந்திராவுக்கு நானாத்தான் கேட்டுப் போறேன், மேடம் எவ்வளவோ தடுத்துப் பாத்தாங்கன்னு சொன்னாங்க."

நான் "ஆமாம்" என்றேன். சவப்பெட்டி உள்ளே இருந்தது. அப்போதும் என் வாயில் வந்தது அதுதான்.

ரெஜினா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தன்மானமாக இருக்கலாம். வீட்டார் மனம் நோகக் கூடாது என்றிருக்கலாம். என்னை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆதாரம் இல்லை. எடுத்துக்கொள்ளப் போவதும் இல்லை. ஸ்டெல்லா, இது அச்சுக்குப் போகும் முன் உங்கள் கையில் கிடைக்கும்படி செய்திருக்கிறேன். உங்கள் அக்கா கேட்டுப் போகவில்லை. நான் தடுக்கவில்லை. அவர் சரியாகச் சொன்னதை நான் அடித்துத் திருத்தினேன். கேள்வி வந்தபோது அவர் பெயரைச் சொன்னேன். வழிகாட்டிக் குறிப்பில் உள்ள விதியும் அவருடையதுதான்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு மட்டுமே. நான் அடித்த இடத்துக்குக் கீழே பென்சிலால் சிறிதாக எழுதியிருக்கிறார்: 'நீங்களே ஒருதரம் ஆடிப் பாருங்க மேடம்.' நேற்று அந்த கேமைத் திறந்து ஆடினேன். அவர் சொன்னதுதான் சரி. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது.