சொல்லாமல் விட்ட இரண்டு பேர்

சித்தி எங்கள் வீட்டில் தங்கிப் படித்தது மொத்தம் ஒன்றரை வருடம். அது மூன்று வருடப் படிப்பு. மிச்சம் ஏன் முடியவில்லை என்று யாராவது கேட்டால், "நல்ல இடம் வந்துச்சு, முடிச்சு வச்சுட்டோம்" என்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். நானும் பல வருடங்கள் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் கடைசித் தங்கை அவள். வடமதுரையைத் தாண்டி, பஸ் இறங்கி இன்னும் செத்த நேரம் நடக்க வேண்டிய ஊர். திண்டுக்கல்லில் காலேஜில் இடம் கிடைத்ததும், அக்கா வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதற்கு என்று தாத்தா கொண்டுவந்து விட்டார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்; எனக்குத் தலை பின்னி முடித்த கையோடு பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். அப்பாவுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ஆகவே யாரும் சொல்லாமலே காலைச் சமையல் சித்தியின் கைக்குப் போய்விட்டது.

அவளுக்குத் தெரிந்தது நாலே சமையல்தான். தக்காளிச் சாதம், புளிச்சாதம், பருப்பும் ரசமும், முட்டையை உடைத்து ஊற்றிய ஒரு குழம்பு. திங்கள்கிழமை தக்காளி என்றால் வியாழக்கிழமை மறுபடியும் தக்காளி. "வெஞ்சனம் என்ன சித்தி?" என்று கேட்டால், "அப்பளம் பொரிச்சு வச்சிருக்கேன், தின்னுட்டு ஓடு" என்பாள். குக்கர் விசில் வரும்வரை உப்பு ஜாடியில் நோட்டைச் சாய்த்து வைத்துப் படிப்பாள். தாவரவியல். உருளைக்கிழங்கு வேர் இல்லை, அது தண்டு என்று அவள் சொன்னதை நான் வகுப்பில் சொல்லப்போய், பொய் சொல்கிறேன் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதற்காக இலைகளையும் பூக்களையும் செய்தித்தாளுக்குள் வைத்து என் மெத்தைக்கு அடியில் அடுக்கியிருந்தாள். என் கனத்தில் அவை நன்றாகத் தட்டையாகுமாம். நான் தினமும் ஒரு தோட்டத்தின் மேல் படுத்துத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் அவளுக்கும் மட்டும் உரியவை. சித்திரையில் நிலக்கோட்டைப் பக்கம் அவளுடைய தோழி ஒருத்தியின் மல்லிகைத் தோட்டத்துக்குப் போனோம். வெயில் ஏறுமுன் ஆளுக்கு ஒரு மடி மொட்டுப் பறித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து புளிச்சாதம் தின்றோம். ஆடியில் காற்றுப் பார்க்க என்றே ஒருநாள் மலைக்கோட்டை ஏறினோம். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே அவள் படியிறங்கினாள். அந்த வருடம் மழை நன்றாகப் பிடித்தது. ஊருக்கு வெளியே குளம் நிறைந்து மறுகால் போகிறது, தண்ணீர் பாலம்போல வளைந்து விழுகிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். "வார ஞாயித்துக்கெழம உன்னயக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சித்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலேஜில் செடி சேகரிக்கச் சிறுமலைக்குக் கூட்டிப்போனார்கள். சித்தி விடியுமுன்பே போய்விட்டாள். "அடுத்த வாரம் கண்டிப்பா" என்றாள். அடுத்த வாரம் ரெக்கார்டு எழுத உட்கார்ந்தாள். நான் அவள் எதிரில் போய் நின்றேன். "போடி, ஒரு வரிகூட எழுத விடாம" என்று நிமிராமலே சொன்னாள். அவள் என்னை அதற்கு முன் அப்படி விரட்டியதில்லை. அதற்குள் மழையும் விட்டது. குளத்தில் மறுகால் நின்றுவிட்டது என்று பால்காரர் சொன்னார். அதைக்கூட யாரோ எனக்குச் செய்த துரோகம்போல நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு ஷேர் ஆட்டோவில் வரும்போது பஸ் ஸ்டாண்ட் அருகில் வண்டி நெரிசலில் நின்றது. பஜ்ஜிக் கடை வாசலில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். அவளோடு அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர், கையில் சுருட்டிய பெரிய தாள்களோடு. பக்கத்தில் ஒரு ஆள், இளைஞன்தான், பஜ்ஜிப் பொட்டலத்தை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். அவர் ஏதோ சொல்ல, சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சித்தி!" என்று கத்தினேன். ஹாரன் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எனக்கென்று வர நேரமில்லை, பஜ்ஜி தின்ன மட்டும் நேரம் இருக்கிறது. ஆட்டோ நகர்ந்தது. வீடு வரும்வரை எனக்குக் காது சுட்டது.

அம்மா வந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சித்தி இன்னும் வரவில்லை.

"அம்மா, சித்தி காலேஜுல இல்லாம பஸ் ஸ்டாண்டுல நின்னு பஜ்ஜி சாப்புடுது."

"பசிச்சிருக்கும்" என்றாள் அம்மா.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சித்திக்கு ஒரு திட்டாவது விழ வேண்டும் என்று இருந்தது. திட்டு விழுந்தால் வெளியே போகாமல் வீட்டோடு இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை எனக்கு மிஞ்சும் என்பது என் கணக்கு. அதனால் மறுபடியும் சொன்னேன்.

"ஒரு அண்ணன்கூட நின்னுச்சு. சிரிச்சு சிரிச்சுப் பேசிக்கிட்டு."

அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது. நான் சொன்னதில் பொய் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு பெண்களை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். மறந்து விடவில்லை. வாய் வரைக்கும் வந்தார்கள். அவர்களையும் சேர்த்துச் சொன்னால் அம்மா மறுபடியும் "பசிச்சிருக்கும்" என்றுதான் சொல்வாள் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டேன். பதினொரு வயதில் இவ்வளவு தெளிவாக யோசிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும்.

சித்தி வந்தபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. போனை எடுத்துக்கொண்டு அம்மா மாடிக்குப் போனதை மட்டும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நாங்கள் இட்லி சாப்பிட உட்காரும் நேரத்தில், தாத்தா வந்தார். எப்போதும்போல ஒரு பை நிறையப் பச்சைக் கடலை கொண்டுவந்திருந்தார். அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். "என்னப்பா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க?" என்று சித்தி தட்டை எடுக்கப் போனாள்.

"இப்பிடி உக்காரு" என்றார் தாத்தா. "பொதங்கெழம பஸ் ஸ்டாண்டுல யாருகூட நின்ன?"

சித்தி முதலில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"ரெக்கார்டுக்குத் தாளு வாங்கப் போனோம்ப்பா. கூட ரெண்டு பிள்ளைக இருந்தாங்க. எங்க லேப்ல வேல பாக்குற அண்ணன்தான் கட தெரியும்னு கூட்டிட்டுப் போனாரு."

"ரெண்டு பிள்ளைக இருந்தாங்களா?"

"இருந்தாங்கப்பா. வேணும்னா போன் போட்டுத் தாரேன், நீங்களே கேளுங்க."

"உங் கூட்டாளிக உனக்குத்தான பேசுவாளுக." தாத்தா என் பக்கம் திரும்பினார். குரல் இளகிவிட்டது. "ஏந்தாயி, நீதான பாத்த? கூட வேற பிள்ளைக யாரும் நின்னாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இட்லி என் கையில் இருந்தது. நின்றார்கள் என்று சொன்னால், பிறகு ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்பார்கள். திட்டு என் பக்கம் திரும்பிவிடும். அது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

"அந்த அண்ணன மட்டுந்தான் பாத்தேன் தாத்தா."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் சட்னியைப் பார்த்தேன். கோபத்தில் பார்க்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"துணிமணிய எடுத்து வையி" என்றார் தாத்தா.

"அப்பா, செமஸ்டர் வருதுப்பா. இன்னும் மூணு வாரங்கூட இல்ல."

"எடுத்து வையின்னேன். மாப்பிள்ள வீட்டுல ஆவணியில இருந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. படிக்கிற பிள்ளைன்னு நாந்தான் தள்ளிக்கிட்டே வந்தேன். எம்புத்தியச் சொல்லணும்."

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பரிச்சைய மட்டும் எழுதிட்டு வரட்டுமேப்பா."

"நீதான போன் போட்ட?"

அம்மா இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்தாள். தாத்தா நாலு இட்லி சாப்பிட்டார். யாரையும் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. நடுவில் ஒருமுறை, "சட்னி நீயா அரைச்ச? நல்லாருக்கு" என்று சித்தியிடமே சொன்னார்.

சித்தி உள்ளே துணிகளை அடுக்கினாள். நான் கதவுப் பக்கம் நின்று, "எப்ப சித்தி வருவ?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். இரண்டு நாள், மிஞ்சிப்போனால் ஒரு வாரம் என்று நினைத்திருந்தேன். அவள் பெட்டியை மூடினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "உன் சாக்ஸ் கொடியில கெடக்கு. மழ வந்தா எடுத்துப் போட்டுரு" என்றாள். அவ்வளவுதான்.

தை மாதம் வடமதுரையில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர். முருங்கையும் வெங்காயமும் போடுகிற குடும்பம். சித்தி கஷ்டப்படுகிறாள் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். இரண்டு பிள்ளைகள். இப்போது அவளுக்கு எல்லாச் சமையலும் தெரியும். நான் போனால் இலையில் இடமில்லாமல் பரிமாறுகிறாள். கடைசி செமஸ்டரை எழுதிவிட்டு நான் போன் செய்தபோது, "ஒரு பேப்பர்கூட விடாம எழுதிட்டியாடி?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். "நல்லது" என்றாள். போனில் கோழி கொக்கரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒவ்வொரு முறையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போவேன். அவள் வாசலுக்கு வந்து என் பையை வாங்கும்போது எல்லாம் கலைந்துவிடும். யாருக்குத் தெரியாததை நான் சொல்லப்போகிறேன்? அந்தப் பஜ்ஜிக் கடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் சொன்னால் எடுபடாது, அவள் தோழிகள் சொன்னால் எடுபடாது. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி நான்தான் என்பதும் அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அந்தப் பார்வை கோபம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

சித்தி போன ஆறாவது நாள், சனிக்கிழமை, வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். பஜ்ஜிக் கடை வாசலில் நின்றவர்கள்தான். அவர்கள் என்னை அறிந்திருக்க நியாயமில்லை. உள்ளே வந்து அம்மாவிடம் பேசினார்கள்.

"ஒரு வாரமா காலேஜுக்கு வரலக்கா. போனும் எடுக்க மாட்டேங்கிறா. ரெக்கார்டுல திங்கக்கெழமைக்குள்ள கையெழுத்து வாங்கணும்." ஒருத்தி கையிலிருந்த சுருட்டலை நீட்டினாள். "அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல சேந்து வாங்குன தாளு. அவ பங்கு எங்கிட்டயே தங்கிருச்சு."

அம்மா அதை வாங்கிக்கொண்டாள். "யாரு யாரும்மா போயிருந்தீங்க?"

"நாங்க ரெண்டு பேரு, அவ, லேப் அண்ணன்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வீட்டுப்பாட நோட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா அவர்களிடம், சித்திக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றாள். காபி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் படியிறங்கிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, போனை எடுத்துத் தாத்தாவின் நம்பரைத் தேடினாள். பேசிவிட்டால் என் கதை முடிந்தது. அம்மா போனைக் காதில் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றாள். பிறகு அதை அலமாரியின் மேல் வைத்துவிட்டு, அந்தத் தாள் சுருட்டலைப் பீரோவுக்குப் பின்னால் செருகினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

நான் தப்பித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அன்று மத்தியானம் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். என்மேல் உள்ள பிரியத்தில்தான் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நம்பி, அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. சித்திக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய அன்றைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. ஒரு போன் போதும், அவள் திங்கட்கிழமை காலேஜில் இருந்திருப்பாள். அது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.